ஒல்லாந்தன் வீட்டுச் சோபா

யோகராணிக்குச் சனிக்கிழமை எண்டால் உயிர். மற்ற நாள் முழுக்க கனடாவில வெக்ஸ்போர்ட் எண்ட இடத்தில, புருசன்ர அக்கா புனிதவதியின்ர அப்பார்ட்மென்ட். எட்டுச் சனம், சமைக்க ஒரே ஒரு குசினி, அறைக்கதவைப் பூட்டினால் ஏன் பூட்டினனி எண்டு கேள்வி. சனிக்கிழமை மட்டும் ஐரோப்பிய நாவல் வகுப்பு. வகுப்பை விடுங்கோ, போகவர பஸ்ஸில தனிய, ஒருத்தருக்கும் பதில் சொல்லாமல் இருக்கலாம். எண்பத்தேழில கனடாவுக்கு வந்த நாள் தொட்டு அவள் கண்ட சுகம் அது ஒண்டுதான்.

அந்தக் கிழமை படிப்பிக்கிறவர் பழைய ஒல்லாந்து, அதுதான் டச்சு, நாவல் ஒண்டை இங்கிலீஷில குடுத்து, "ஒரு பந்தியை எடுங்கோ. என்ன சொல்லுது எண்டு வேண்டாம், எப்பிடிச் சொல்லுது எண்டு எழுதுங்கோ" எண்டார். அவள் எடுத்த பந்தி பொல்லாதது. முதல் திரைச்சீலை, அதின்ர பாரம், அதின்ர தூசி. பிறகு விளக்கு, ஈரக்கோட்டின்ர மணம், அலுமாரி, மழை. கொமாவுக்கு மேல கொமா, முற்றுப்புள்ளியைக் காணேல்லை. வாசிக்கிறவைக்கு மூச்சு வாங்கிற இடத்திலதான் 'அவள் இருந்தாள்' எண்டு ரெண்டே ரெண்டு சொல்லு. பாவி, தட்டுமுட்டுச் சாமான் முழுக்க அடுக்கிப்போட்டு, மிஞ்சின இடுக்கில பெண்ணை இருத்தியிருக்கிறான்.

ஞாயிறு பின்னேரம் அதை எழுதிக்கொண்டிருக்க, புனிதவதி வந்து நிண்டாள்.

"சனிக்கிழமையில வீட்டில எவ்வளவு வேலை கிடக்கு. உந்த வகுப்பை நிப்பாட்டினால் என்ன எண்டு யோசிக்கிறன். அப்பிடி என்னதான் கிடக்கு உதில? தமிழில சொல்லு பாப்பம்."

யோகராணி திரும்பிப் பாத்தாள். புருசன் நவரட்ணம் ரிவியில இருந்து கண்ணை எடுக்கேல்லை. என்ன செய்யிறது, சொன்னாள்.

"பாரமான திரைச்சீலை, ஆரும் திறக்காத ஷோகேஸ், பிளாஸ்டிக் உறை கழட்டாத சோபா..." அவசரத்தில நாக்கு பந்தியில இல்லாததையும் தன்பாட்டுக்குச் சேத்துப்போட்டுது.

"பொறு. நூறு வருசத்துக்கு முந்தி ஒல்லாந்தன் பிளாஸ்டிக் உறை போட்டவனோ?"

எங்கட வீடுகளில ஆர் நேர சொல்லுகினம்? ஆற்றையோ கதை சொல்லுற மாதிரிச் சாடையில குத்துறதுதான் வழக்கம். அதில ஊறின மனுசி புனிதவதி, கதையெண்டு நம்புவாளே? தன்ர சோபாவைப் பாத்தாள், யோகராணியைப் பாத்தாள். யோகராணி வேணுமெண்டு சொல்லேல்லை. ஆனால் சொல்லேல்லை எண்டு சத்தியம் பண்ணவும் வாய் வரேல்லை.

"கடைசியில அவள் வீட்டை விட்டுப் போறாளோ?" புனிதவதி மெல்லமாத்தான் கேட்டாள்.

"ரெயில் ஸ்டேசன் மட்டும் போறாள் மச்சாள். பிறகு திரும்பி வாறாள்."

"ஆர் கூட்டிக்கொண்டு வாறது?"

"ஒருத்தரும் இல்லை. தானா வாறாள்."

புனிதவதி தம்பியாரைத் திரும்பிப் பாத்தாள்.

"அப்ப இவள் போய்ப் படிக்கட்டும். ஆனால் நீ கொண்டுபோய் விட்டு, வாசல்லயே நிண்டு கூட்டிக்கொண்டு வா."

"ஓம் அக்கா."

வகுப்பு தப்பிச்சுது, தனிய போற பஸ் போச்சுது. யோகராணிக்கு வாய்விட்டு அழவேணும் போல இருந்தது. நவரட்ணமோ பெண்சாதியின்ர படிப்பைக் காப்பாத்திக் குடுத்தவன் மாதிரி நல்ல சந்தோசமா அவள் பக்கம் திரும்பினான்.

"சனிக்கிழமை எத்தினை மணிக்கு வெளிக்கிடுவம்?" எண்டு கேட்டான்.