தலையணைக்குப் பட்டு

குளித்துத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு படுக்கையறைக்குள் நுழைந்த விஷ்ணுப்ரியாவின் கண்ணில், மொட்டையாகக் கிடந்த தலையணைதான் முதலில் பட்டது. சாலைக் கடைத்தெருவில் பட்டுத்துண்டு தேடி வாங்கி, அவளே உட்கார்ந்து தைத்துப் போட்ட உறையைக் காணோம். கூடத்துக்கு வந்தாள். பூஜை மேடையில், கிருஷ்ண விக்கிரகத்துக்கு அடியில், நாலாக மடிந்து ஜம்மென்று கிடந்தது அது.

"பட்டைப் போய் யாராவது தலைக்கு வச்சுண்டு படுப்பாளோ? எச்சில் படாதோ? நனைச்சு உலர்த்தி சுவாமிக்கு வச்சுட்டேன்," என்றாள் மாமியார் லலிதாம்பாள், பெரிய உபகாரம் செய்துவிட்ட முகத்தோடு.

விஷ்ணுப்ரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த ஸ்ரீவராகம் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு இரண்டு வருஷம். ஆபீஸிலிருந்து வந்தால் தலைக்குக் குளிக்காமல் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது. குளித்துவிட்டு வருவதற்குள் விளக்கு ஏற்றியிருக்கும். விளக்கு வைத்த பிறகு தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. ஆக, சொட்டச் சொட்ட ஈரத்தலையை இழுத்து இறுக்கிப் பின்னிக்கொண்டு அப்படியே படுக்க வேண்டும். விடிந்தால் தலையணை முழுக்க முடி. காதோரம் இரண்டு பக்கமும் வெள்ளையாகத் தோல் தெரிய ஆரம்பித்துவிட்டது. பெண் பார்க்க வந்தபோது, "பின்னல் முழங்காலைத் தொடறதே!" என்று வாயைப் பிளந்தவளும் இதே லலிதாம்பாள்தான்.

வியாதி ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஈரத்தோடு பின்னாதே, காய்ந்த பிறகு தளர்த்திப் பின்னு, முடி உரசாத வழவழப்பான துணியில் தலை வை. இப்போதே நிறுத்தினால் வளரும், இப்படியே இழுத்துக்கொண்டிருந்தால் போனது போனதுதான் என்றார். அதை வந்து சொன்னபோது புருஷன் அனந்த் போனிலிருந்து தலை நிமிரவில்லை. "சாரமில்லை, இதெல்லாம் ஒரு விஷயமா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ," என்றான். அவனுடைய வழுக்கைக்கு மட்டும் பிரிட்ஜ் நிறைய மருந்துச் சீசாக்கள்.

விறுவிறுவென்று மேடைக்குப் போனாள். விக்கிரகத்தைத் தூக்கிப் பக்கத்துப் பலகையில் வைத்துவிட்டுப் பட்டை உருவினாள்.

"ஐயையோ, என்னடி பண்றே!"

"சுவாமிக்கு முடி கொட்டலைம்மா. எனக்குன்னா கொட்டறது."

துண்டை அவிழ்த்து, எரிகிற விளக்குக்கு எதிரிலேயே ஈரத்தலையை விரித்துப் போட்டுக்கொண்டு பேனுக்கு அடியில் உட்கார்ந்தாள்.

"எழுந்திருந்து தலையைப் பின்னு. விளக்கு எரியறது!"

"முதல்ல காயட்டும்."

"நாங்கள்ளாம் இப்படித்தான் பின்னிண்டோம். என்ன கெட்டுப் போச்சு?"

"கண்ணாடில பாருங்கோ. உங்க நெத்தி எதுவரைக்கும் ஏறிருக்குன்னு தெரியும். எனக்கும் அது வேணுமா?"

லலிதாம்பாளின் கை தானாகக் காதோரத்துக்குப் போயிற்று. அங்கே முடி நின்றுபோய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. கொண்டையில் பாதி சவுரி. விஷ்ணுப்ரியாவுக்கு அதற்காக இரக்கம் வரவில்லை. கோபம் இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

அனந்த் அறையிலிருந்து எட்டிப் பார்த்தான். "என்ன சத்தம்? வெறும் முடிக்குப் போயா இத்தனை ஆர்ப்பாட்டம்?"

லலிதாம்பாள் வெடுக்கென்று அவன் பக்கம் திரும்பினாள். காதோரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"வாயை மூடுடா! உங்கப்பாவும் இதையேதான் சொன்னார்."