கருநீலம் மாறாத துளி

அன்று ஆய்வகத்தில் எல்லோரும் எச்சில் துப்பிக்கொண்டிருந்தார்கள். உயிர்வேதியியல் முதலாமாண்டு வகுப்பு. எச்சிலில் இருக்கும் நொதி மாவுச்சத்தை உடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாவுக் கரைசலில் எச்சிலைக் கலந்து, வெதுவெதுப்பான நீரில் வைத்து, நிமிடத்துக்கு ஒரு துளி எடுத்து அயோடின்மேல் விட வேண்டும். மாவு இருந்தால் துளி கருநீலமாகும். தீர்ந்துவிட்டால் அயோடினின் பழுப்பு அப்படியே நிற்கும்.

மற்ற மேசைகளில் ஐந்தாவது நிமிடத்திலேயே பழுப்பு வந்துவிட்டது. 'நச்சரிப்பு' என்று வகுப்பே பட்டப்பெயர் வைத்திருந்த அந்தப் பெண்ணுக்கு மட்டும் இருபது நிமிடமாகியும் கருநீலம் மாறவில்லை.

“உன் எச்சில்கூட உன் பேச்சைக் கேக்கல பாரு,” என்று சிரித்தாள் தோழி. “என்னோடதைப் பாத்து எழுதிடு. யாருக்குத் தெரியப்போகுது?”

“எழுதிட்டா, ஏன் மாறலன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“ஆரம்பிச்சிட்டியா!”

வீடு வந்ததும் சமையலறையில் கடை பரப்பினாள். உருளைக்கிழங்கு வெந்த தண்ணீர், காயத்துக்குப் போடும் அயோடின், ஒரு வெள்ளைத் தட்டு. அம்மாவிடம் கிண்ணத்தை நீட்டினாள்.

“இதுல துப்பும்மா.”

“உன்னைப் படிக்க அனுப்பினதுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்,” என்று அலுத்துக்கொண்டே அம்மா துப்பினாள். அப்பா செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் துப்பினார். அண்ணன் மட்டும் கொஞ்சம் பிகு பண்ணிவிட்டுத் துப்பினான்.

மூன்றும் பழுப்பு. அவளுடையதும் பழுப்பு! தன் எச்சிலில் குறையில்லை என்று நிம்மதியானாள். மறு நொடியே குழப்பம் இரண்டு மடங்கானது.

“அண்ணா, இங்க மாறுது. அங்க ஏன் மாறல?”

“அங்க துப்புறதுக்கு முன்னாடி என்ன பண்ணின?”

யோசித்தாள். அத்தனை பேர் முன்னால் துப்பச் சொன்னதும் வாய் வறண்டுபோயிருந்தது. எச்சில் ஊறட்டும் என்று தோழி கொடுத்த புளிப்பு மிட்டாயைச் சப்பிக்கொண்டே துப்பியிருந்தாள்.

தெருமுனைக் கடைக்கு ஓடி அதே மிட்டாயை வாங்கிவந்து மறுபடி செய்தாள். கருநீலம்! ஒருவேளை இனிப்புதான் காரணமோ என்று வெறும் சர்க்கரையோடும் செய்துபார்த்தாள். பழுப்பு. ஆக, புளிப்புதான் நொதியைப் படுக்கவைத்திருக்கிறது.

மறுநாள் ஆசிரியை அவள் குறிப்பேட்டை இரண்டு முறை படித்தார்.

“வாயைக் கொப்பளிச்சிட்டுத் துப்பணும்னு செய்முறைத் தாள்ல முதல் வரியிலயே போட்டிருக்கே?”

“அந்த வரியைப் படிக்கல மேடம்.”

இரண்டு மதிப்பெண் போயிற்று. பேனாவை மூடிய ஆசிரியை, “எவ்வளவு புளிப்புல நொதியோட வேலை நிக்குதுன்னு பாத்தியா?” என்று கேட்டார்.

“இல்ல மேடம்.”

ஆசிரியை இழுப்பறையிலிருந்து அமிலம் அளக்கும் தாள்கட்டை எடுத்துக் கொடுத்தார். “மத்தியானம் லேப் காலிதான்.”

சாப்பாட்டு நேரத்தில் முணுமுணுத்துக்கொண்டே தோழியும் கூட வந்தாள். பசிக்கிறது என்று மூன்று முறை சொன்னாள். பிறகு, தட்டில் வரிசையாக நின்ற கருநீலத் துளிகளைக் குனிந்து பார்த்தாள்.

“ஏய், சோடா உப்பு போட்டுப் புளிப்பை எடுத்துட்டா, அது மறுபடி வேலை செய்யுமா?”

போட்டுப் பார்த்தார்கள். பத்து நிமிடம் கழித்தும் கருநீலம்தான்.

“இன்னொரு பத்து நிமிஷம் பாப்போம்,” என்று தோழியே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.