போர்டில் எழுத வேண்டிய பெயர்

1

என்னிடம் கேட்டது இரண்டு வரி. கதை யாரும் கேட்கவில்லை.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஏசுதாஸ் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். உக்ரைன் நாட்டுச் சாப்பாடு. கடைக்கு இன்னும் போர்டு இல்லை. ஃப்ளெக்ஸ் கடை ஸ்ரீகாந்த் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நீதான் எழுதற ஆளாச்சே. மேட்டர் குடு, அடிச்சித் தரேன்."

நான் எழுதுகிற ஆள் என்று ஊர் முடிவு செய்ததற்குக் காரணம், ஒரகடம் பக்கம் நைட் ஷிஃப்ட் வேலையை விட்டுவிட்டுப் பகலில் சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்பதுதான். அந்த இரண்டு வரிக்கு உட்கார்ந்தேன். வரவில்லை. இது வந்தது.

2

முதல் தொடக்கம்: "குண்டுகள் பொழிந்த கார்கிவ் நகரத்தில் ஒரு தமிழன்—"

[விட்டுவிட்டேன். குண்டை நான் பார்த்ததில்லை. பார்த்த ஏசுதாஸும் "சத்தம்தாம்பா" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.]

இரண்டாவது தொடக்கம்: "ஹலீனாவின் நீலக் கண்களில் கருணை—"

[இதையும் விட்டுவிட்டேன். கண் என்ன நிறம் என்று கேட்டேன். "வெங்காயம் நறுக்கிக்கினே இருக்கும் அந்தம்மா. எப்பவும் செவப்பாத்தான் இருக்கும்" என்றார்.]

மூன்றாவது, நடந்தது மட்டும். கார்கிவில் டாக்டருக்குப் படிக்கப் போன நம் பிள்ளைகளுக்கு ஒரு மெஸ் இருந்தது. ஏசுதாஸ் அங்கே மாஸ்டர். ஹலீனா காய் நறுக்குபவர். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. இவர் தாளிப்பதை அவர் பார்த்தார். அவர் பீட்ரூட் போட்டு போர்ஷ் வைப்பதை இவர் பார்த்தார். அது அவர்கள் ஊர் சூப். நமக்குச் சாம்பார் எப்படியோ அப்படி. போர் வந்தது. மாணவர்களை ரயிலில் அடைத்து அனுப்பினார்கள். மாஸ்டருக்கு இடமில்லை. ஹலீனா அவரைத் தன் கிராமத்துக்குக் கூட்டிப்போய், வீட்டுக்கு அடியில் உருளைக்கிழங்கு சேர்த்துவைக்கும் நிலவறையில் தங்கவைத்தார். மேலே போய் சூப் வைப்பார், கீழே தூக்கிக்கொண்டு வருவார். பானையில் இருந்த பெரிய எலும்பு ஒவ்வொரு முறையும் ஏசுதாஸ் தட்டில்தான் விழுந்தது. வேண்டாமென்றாலும் விழுந்தது. விருந்தாளி.

எல்லையைக் கடக்க வண்டி கிடைத்த அன்று, இவர் விரலால் காற்றில் ஒரு சதுரம் வரைந்தார். அதற்குள் "ஹலீனா" என்றார். கடை வைப்பேன், போர்டில் உன் பெயர் என்று அர்த்தம். அவருக்குப் புரிந்தது. தலையை ஆட்டினார்.

இந்தக் கதையில் பணயமாக நிற்பது அந்தக் காற்றுச் சதுரத்தில் கொடுத்த வாக்குதான். வேறு எதையும் தேட வேண்டாம்.

3

போர்ஷில் மேலாகத் தூவ ஒரு கீரை வேண்டும். நம் பக்கம் அது கிடைக்காது. விதை கிடைக்கும், நாட்டு மருந்துக் கடையில், சதகுப்பை என்ற பெயரில். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் லேகியத்தில் போடுவார்களே, அதுதான். கீரை முளைக்கும்வரை பொறுக்காமல் ஏசுதாஸ் அந்த விதையையே இடித்துப் பானையில் போட்டார். தெருவெல்லாம் மணம்.

முதலில் வந்தவர் தாயாரம்மாள். ஊர்த்தெருவில் நிலபுலம் உள்ள வீட்டுக்காரர். படியேறாமல் வெளியே நின்றார்.

"இன்னா ஏசுதாசு, வூட்ல யாருக்குப் பிரசவம்? ஒரு வார்த்த சொல்லல?"

"பிரசவம்லாம் இல்லம்மா. சூப்பு வெச்சிகினு கீறேன்."

"தெருக்கோடி வரைக்கும் பிள்ளபெத்த வூட்டு வாசன அடிக்குது. எங்கிட்டயே மறைக்கிறியா?"

உள்ளே அடுப்படியிலிருந்து ஏசுதாஸின் மனைவி மார்த்தாள் கத்தினார்: "எனக்கு அம்பது வயசு ஆவுது. இனிமே பெத்தா பேப்பர்ல வரும், அதுல பாத்துக்கலாம்!"

தாயாரம்மாள் சிரித்துவிட்டார். எட்டிப் பானையைப் பார்த்தார். "கலரப் பாத்தா ரத்தம் ஊறும் போலக் கீதே. எம்மருமவ பூஜா பெத்து ஒரு வாரம் ஆவுது, ஒண்ணும் எறங்கல. ஒரு தூக்குல ஊத்து."

பூஜா குடித்தாள். பசியெடுத்தது. பால் நன்றாகச் சுரந்தது. சூப்பினாலா என்று எனக்குத் தெரியாது. ஊருக்குத் தெரிந்துவிட்டது. மறுவாரத்திலிருந்து காலையில் கடை வாசலில் கையில் தூக்கோடு ஆண்கள். காத்திருக்கும் நேரத்தில் வரெனிக்கி தின்கிறார்கள், உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை என்று நினைத்துக்கொண்டு. அந்த ஊர் உலர்பழம் கிடைக்காமல் ஏசுதாஸ் இலந்தை வற்றலும் பேரீச்சையும் கொதிக்கவைத்து இறக்கும் உஸ்வார் என்ற பழத்தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள். போர்ஷ் என்று ஒருவரும் சொல்வதில்லை. பிள்ளபெத்தா சூப்பு.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: ஊர்த்தெரு வீட்டுப் பிரசவத்துக்கு மார்த்தாள் கையால் கிண்டியது போகிறது. மார்த்தாளின் மாமியார் அதே வீட்டுப் பின்வாசலில் நின்று பாத்திரம் நீட்டியவர். இதைச் சொல்லாமல் நன்றியைப் பற்றி எழுதினால் அது அழகான பொய்.)

(இன்னொன்று: பிரசவமே ஆகாத முதல் வாடிக்கையாளன் நான். ஷிஃப்டில் கெட்ட வயிறு சோற்றைப் பார்த்தாலே புரட்டிய காலத்தில் நின்றது இந்தச் சூப் மட்டும்தான். அதனால் இதில் நான் நடுநிலை இல்லை.)

4

ஏசுதாஸ் சொன்ன மேட்டர்: ஹலீனா உக்ரைன் உணவகம்.

மார்த்தாள் சொன்ன மேட்டர்: மார்த்தாள் பத்திய சூப்.

"வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன் மார்த்தா. அந்தம்மா இல்லன்னா நானே இல்ல."

"யாரு இல்லன்னது? ராத்திரி ஜெபத்துல எம்பேருக்கு முன்னாடி அந்தம்மா பேரச் சொல்லிக்கினு கீறேன். அது வேற. அடுப்புல நிக்கிறது நானு. அந்தத் தெருக்காரங்க வந்து எம்பேர வாயால சொல்லி வாங்கணும். ஒருவாட்டி அத நான் காதால கேக்கணும்."

இங்கே ஒரு கதாபாத்திரத்தைச் சந்தேகப்பட்டேன். மார்த்தாளைக் கொஞ்சம் பேராசைக்காரியாக எழுதினால் ஏசுதாஸ் பெரிய மனிதர் ஆகிவிடுவார், கதை சுலபமாக முடியும். ஒரு பத்தி அப்படி எழுதியும் பார்த்தேன். மறுநாள் அவர் சூப் ஊற்றும்போது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கிழித்துவிட்டேன்.

ஸ்ரீகாந்த் ஒரு வழி சொன்னான். "நம்மூர் வழக்கம்தானேண்ணே. கோயில் செவுத்துலயே வெட்டி வெச்சிருக்கான். ஓலைல பேர எழுதிக் கொடத்துல போட்டு எடுத்துரலாம்."

"அந்தக் கொடத்துல பொம்பள பேரு இருந்துச்சா?" என்றார் மார்த்தாள். "நெலம் இல்லாதவன் பேரு?"

ஸ்ரீகாந்த் என்னைப் பார்த்தான். நான் சூப்பைப் பார்த்தேன்.

5

முடிவு அ: "மார்த்தாள் பெயரைப் போடு" என்று ஹலீனா சொல்ல, "அந்தம்மா பேரையே போடுய்யா" என்று மார்த்தாள் கண்ணீர்—

[யாரும் அப்படி இல்லை. மார்த்தாள் விட்டுக்கொடுக்கிற ஆளே இல்லை. அதனால்தான் கடை நடக்கிறது.]

முடிவு ஆ: இரண்டு பெயரும் ஒரே வரியில். [எழுத்து பொடியாகிவிடும், ரோட்டிலிருந்து தெரியாது என்கிறான் ஸ்ரீகாந்த். யார் பெயர் முன்னால் என்கிறார் மார்த்தாள்.]

முடிவு இ, இது நடந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்து ஹலீனாவுக்கு வீடியோ கால். போனில் மொழிபெயர்க்கும் ஆப். ஊரில் சூப்பை என்னவென்று சொல்கிறார்கள் என்பதை ஏசுதாஸ் குற்றவாளி மாதிரி சொன்னார். ஹலீனா சிரித்தார். எழுந்து போனார். போர்ஷில் தூவும் அந்தக் கீரை ஒரு கட்டோடு வந்து, குழந்தையைத் தாலாட்டுவதுபோல் அதை ஆட்டினார். அங்கேயும் குழந்தைக்கு வயிறு உப்பினால் இதே விதையைக் கொதிக்கவைத்த தண்ணீர்தானாம்.

[நான் கற்பனை செய்திருந்தால் இதை அடித்திருப்பேன். அளவுக்கு மீறிப் பொருந்துகிறது. நடந்துவிட்டதால் விட்டுவைக்கிறேன்.]

பிறகு ஹலீனா விரலால் காற்றில் ஒரு சதுரம் வரைந்தார். கேள்வியாக.

ஏசுதாஸ் போனைத் திருப்பி மார்த்தாளைக் காட்டினார். மார்த்தாள் முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, ஒரு கரண்டி சூப்பை எடுத்துப் போனுக்கு முன்னால் நீட்டினார். ஹலீனா முகத்தை அருகில் கொண்டுவந்து பார்த்து ஏதோ சொன்னார். ஆப் படித்தது: "இன்னும் பீட்ரூட்."

"பாத்தே சொல்லுது பாரேன்" என்றார் மார்த்தாள். மறுநாளிலிருந்து கூடுதலாகப் போடுகிறார். சூப் நன்றாகிவிட்டது.

"அப்ப பேரு?" என்று கேட்டேன்.

"பீட்ரூட்டு வேற, பேரு வேற."

6

ஸ்ரீகாந்த் இப்போது போன் செய்தான். மெஷின் ஓடுகிறதாம், மேட்டர் வந்தால் அடித்துவிடுவானாம். கடையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். என்னால் முடிந்தது இவ்வளவு:

[                                        ]
போர்ஷ், வரெனிக்கி, உஸ்வார்
பிள்ளை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும்
உத்திரமேரூர்

மேல் வரி உங்களுக்கு. தூரத்திலிருந்து நிரப்ப வேண்டாம், வந்து சாப்பிட்டுவிட்டு நிரப்புங்கள். வழி கேட்கத் தேவையில்லை, பேருந்திலிருந்து இறங்கினால் வாசனை கூட்டிவரும். காற்றுச் சதுரத்தில் ஒருவர் பெயர் இருக்கிறது. அடுப்பின் முன்னால் ஒருவர் நிற்கிறார். இரண்டையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

மார்த்தாள் என் தட்டை எடுத்துப்போய் நிரப்பிக் கொண்டுவந்து வைத்தார். பானையில் இருந்த பெரிய எலும்பு இதில் கிடக்கிறது. அந்த நிலவறையை அவர் பார்த்ததில்லை.

"வேணாம்கா, வேற யாருக்காச்சும்."

"கம்முனு தின்னு. நாளைக்கு வேற ஆளு வந்தா அவங்களுக்கு."

அந்த வேறு ஆள் நீங்கள். கையைக் கழுவிவிட்டு உட்காருங்கள்.