முதலாம் குறிக்கோளுக்குப் பவானி

பவானியால் அந்த வாரம் முழுக்க ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அப்துல் வஹாப் பாயின் டைல்ஸ் கடையில் அவளுக்கென்று ஒரு சுழல் நாற்காலி உண்டு. அதில் உட்காருவாள், எழுந்து போய்த் துடைத்த டைல்ஸையே மறுபடி துடைப்பாள், வாசலுக்கு வந்து எண்ணூர்ப் பக்கம் ஊர்ந்து போகும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பாள், திரும்ப வந்து உட்காருவாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டாயா என்று பாய் கேட்டேவிட்டார். தூக்கம் சரியில்லை என்று சொல்லிச் சமாளித்தாள்.

எல்லாம் ஒரு போன் செய்த வேலை. அவள் படித்த கல்லூரியிலிருந்து சிவில் துறைத் தலைவி ரமாபாய் மேடம் கூப்பிட்டிருந்தார். படிப்புக்குத் தரச்சான்று கொடுக்கும் குழு சனிக்கிழமை வருகிறது. ஒவ்வொரு படிப்புக்கும் குறிக்கோள்கள் என்று எழுதி வைக்க வேண்டுமாம், அதாவது இங்கே பட்டம் வாங்கிப் போன பிள்ளைகள் மூன்று நான்கு வருஷத்தில் என்னவாக இருப்பார்கள் என்று. எழுதினால் மட்டும் போதாது, அப்படி ஆனவர்களைக் கண்ணிலும் காட்ட வேண்டும். முதலாம் குறிக்கோள், கட்டுமானத் துறையில் பொறுப்பான பதவிகளில் திறம்படப் பணியாற்றுவார்கள். இரண்டாவது, மேற்படிப்பில் சிறந்து விளங்குவார்கள். மூன்றாவது, நேர்மையோடும் சமூக அக்கறையோடும் நடந்துகொள்வார்கள். இரண்டாவதற்குத் தீபன் வருகிறான், மூன்றாவதற்கு ஜெமிமா, முதலாவதற்கு நீ வந்துவிடு என்றார் மேடம்.

அவளோடு படித்த தீபன் துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டுகிறான். தபால் வழியில் ஏதோ ஒரு படிப்புக்குப் பணம் கட்டி வைத்திருக்கிறானாம், அது மேற்படிப்பு ஆகிவிட்டது. ஜெமிமா அரசாங்கப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு வருஷக்கணக்கில் வீட்டோடு இருக்கிறாள். பதவிக்கே வராதவளின் நேர்மையில் யார் குறை காண முடியும்?

தான் டைல்ஸ் கடையில் பில் போடுவதைப் பவானி மேடத்திடம் ஒளிக்கவில்லை. டைல்ஸும் கட்டடத்தில்தானே ஒட்டுகிறது என்றார் மேடம். கட்டுமானக் கம்பெனியில் சைட் இஞ்சினியர் என்று சொல்லிவிட்டுப் போ, யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றார். சான்று கிடைக்காவிட்டால் அடுத்த வருஷம் சிவில் துறையையே மூடிவிடுவார்கள், கம்ப்யூட்டர்காரர்கள் ஏற்கெனவே நம் ஆய்வகம் வரை வந்துவிட்டார்கள் என்று சொல்லும்போது அவருடைய குரல் கெஞ்சியது. மேடம் கெட்டவர் இல்லை. பவானி கடைசிப் பரீட்சைக்கு ஜுரத்தோடு வந்தபோது கேன்டீனில் கஞ்சி வைக்கச் சொன்னவர் அவர்தான். பவானி வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

பொய் அவளுக்குப் புதிதில்லை. வீட்டில் அவள் இன்னமும் இஞ்சினியர்தான்.

படிப்பு முடிந்த கையோடு அத்திப்பட்டுப் பக்கம் ஒரு சைட்டில் வேலை கிடைத்தது உண்மை. வெள்ளை ஹெல்மெட் போட்டுக்கொண்டு தூண்களுக்குக் கான்கிரீட் போடுவதை மேற்பார்த்தாள். அப்பா தாமோதரன் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுபவர். மகளை அந்த ஹெல்மெட்டோடு பார்க்கவென்றே தெருக்காரர்களை ஆட்டோவில் அடைத்துக் கூட்டிவந்து, கேட்டுக்கு வெளியே நின்று கை காட்டிவிட்டுப் போனார். அந்த மழைக்காலத்தில் காண்டிராக்டர் சம்பளம் கொடுக்காமல் கம்பி நீட்டிவிட்டான். அடுத்த வேலை கிடைத்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று பவானி வாயை மூடிக்கொண்டாள். போன இடத்திலெல்லாம் சைட்டில் பெண்களுக்கு வசதி இல்லை என்றார்கள். கிடைத்தது பாய் கடைதான். இப்போதும் காலையில் ஸ்கூட்டியில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டுதான் வீட்டைவிட்டுக் கிளம்புகிறாள். கடைக்குள் வந்ததும் அது பில் மேஜைக்கு அடியில் போய்விடும். பாய் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இந்தப் பொய்யை அவள் ஒருத்தியே சுமந்திருந்தால் தொலைகிறது என்று விட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் தெரு அப்படிப்பட்ட தெரு இல்லை. ஒரு வீட்டில் ஃபைபர் படகு வாங்கினால் வரிசையாக எல்லா வீட்டிலும் வாங்குவார்கள். ஒரு பையன் துபாய்க்குப் போனால் பின்னாலேயே நாலு பாஸ்போர்ட் தயாராகும். பவானி இஞ்சினியர் ஆனாள். இப்போது ப்ளஸ் டூ முடித்த அவள் தம்பி அர்ஜுனுக்கு சிவில், எதிர்வீட்டு ராமசெல்வி அக்காவின் மகள் கல்பனாவுக்கும் சிவில். மீன் கூடை தூக்கித் தனியாளாக மகளை வளர்த்தவள் ராமசெல்வி.

மேடம் போன் செய்த அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அப்பா வாசலிலேயே நின்றிருந்தார். மீன்பிடித் தடைக்காலம், படகெல்லாம் கரையில் கிடந்தது, வேலையில்லாத மனுஷன் நாள் முழுக்க ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தார். ரமாபாய் மேடம் அவருக்கும் போன் செய்துவிட்டாராம். குழு பெற்றோரையும் பார்க்க வேண்டுமாம். முன்னாள் மாணவியின் அப்பா, வரப்போகும் மாணவனுக்கும் அப்பா, இவரைவிடப் பொருத்தமான ஆள் அவருக்கு எங்கே கிடைக்கும். ராமசெல்வியையும் அழைத்து வரச் சொல்லிவிட்டார். அன்றைக்கே இரண்டு பிள்ளைகளுக்கும் அட்மிஷன் போட்டுவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார். இன்னும் எத்தனை நாள் என்று பவானி எண்ணிப் பார்த்தாள். சனிக்கிழமைக்குள் எதையாவது செய்தாக வேண்டும்.

முதலில் தம்பியைப் பிடித்தாள். கடலோரக் கல்லுக்கட்டுக்குக் கூட்டிப்போய், சிவிலில் இப்போது வேலை இல்லை, வேறு ஏதாவது பார் என்று சுற்றி வளைத்துச் சொன்னாள். வேலை இல்லையென்றால் நீ மட்டும் எப்படிப் போகிறாய் என்று அவன் திருப்பிக் கேட்டான். பதில் சொல்ல அவளுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது, அதைத்தான் சொல்ல முடியவில்லை. அவன் வீட்டுக்கு வந்து அப்படியே ஒப்பித்துவிட்டான். அப்பா சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"தம்பி மேல வந்தா உனுக்கு இன்னா கண்ணு கொறஞ்சிடும்?" என்றார்.

பொறாமை என்று நினைத்துவிட்டார். அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைக்கூடத் திறந்தாள். ஆனால் அந்த முகம் சுருங்கப்போவதைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை. அவளுக்கு அவள் மேலேயே வெறுப்பு வந்தது. அடுத்த இரண்டு நாள் இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஸ்கூட்டியில் சும்மா சுற்றினாள். ஒருமுறை மணலி வரை போய்விட்டு எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பி வந்தாள்.

சனிக்கிழமை கல்லூரியில் பெயின்ட் வாடை தூக்கியடித்தது. மாடிப்படி, ஆய்வகம், கழிப்பறை வாசல் என்று பார்த்த இடமெல்லாம் குறிக்கோள்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். எந்தப் பையனைக் கேட்டாலும் மூன்றையும் தப்பில்லாமல் ஒப்பிக்க வேண்டுமென்று உத்தரவு போலிருக்கிறது. படிக்கட்டில் உட்கார்ந்து பாதிப்பேர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். தீபன் இரவல் கோட்டு மாட்டிக்கொண்டு வேர்த்து ஊற்ற நின்றான்.

பெற்றோரையும் முன்னாள் மாணவர்களையும் தனித்தனியாகத்தான் பார்ப்பது வழக்கமாம். ஒரு அறையில் ஏசி கெட்டுப்போனதால் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். அர்ஜுனும் கல்பனாவும் சான்றிதழ்களோடு கீழே அலுவலக வரிசையில் நின்றார்கள். மேலே பவானி முன்வரிசையில். பின்னால் அப்பா, வெள்ளை வேட்டி சட்டையில். பக்கத்தில் ராமசெல்வி, கல்யாணத்துக்குக் கட்டும் புடவையில்.

குழுவில் வந்தவர் வடக்கிலிருந்து வந்த பேராசிரியர். தமிழ் தெரியாது, ரமாபாய் மேடம்தான் மொழிபெயர்த்தார். பெற்றோர் பேசலாம் என்றதும் அப்பா எழுந்து கைகூப்பினார். தன் மகள் இங்கே படித்துத்தான் இஞ்சினியர் ஆனாள், அதைப் பார்த்துத்தான் மகனையும் இந்தம்மா பெண்ணையும் இங்கேயே சேர்க்கிறோம் என்றார். பேராசிரியருக்குச் சந்தோஷம். பவானி பக்கம் திரும்பி, எந்தக் குறிக்கோள் என்றெல்லாம் கேட்காமல், இங்கிலீஷில் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார். நேற்று வேலையில் என்ன செய்தாய்?

மேடம் எழுதிக் கொடுத்த பதிலில் நேற்று இல்லை. நேற்று அவள் தண்டையார்பேட்டைக்காரர் ஒருவருக்கு சமையலறை டைல்ஸ் பில் போட்டாள். அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னாள். ஒரு கடையில் விற்பனைப் பெண்ணாக இருக்கிறேன், இரண்டு வருஷத்துக்கு மேலாக எந்தக் கட்டட வேலையிலும் இல்லை, என் வகுப்பில் பலருக்கும் இதே கதைதான் என்றாள். சொல்லச் சொல்ல வார்த்தை தடங்கலில்லாமல் வந்தது. இந்தக் குறிக்கோள்களை எழுதும்போது உங்களில் யாரையாவது கேட்டார்களா என்றார் அவர். இல்லை என்றாள். மேடம் மேஜையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பேராசிரியர் தலையை ஆட்டி, நன்றி சொல்லி, ஏதோ குறித்துக்கொண்டார். பவானிக்கு மார்பிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. அப்பா பக்கம் திரும்பாமல் வெளியே வந்து, மொட்டை மாடிப் படியில் கொஞ்ச நேரம் தனியாக நின்று மூச்சு வாங்கினாள்.

கீழே இறங்கி வந்தபோது அப்பா அலுவலக வாசலில் சிரித்துக்கொண்டு நின்றார்.

"இன்னா இங்கிலீசு! அந்த சாரு தலைய ஆட்டிகினே இருந்தாரு, பாத்தியா செல்வி?"

ராமசெல்வி பவானியின் நெற்றி வேர்வையைப் புடவைத் தலைப்பால் ஒற்றினாள். என் பெண்ணும் இப்படிப் பேசினால் எனக்கு வேறென்ன வேண்டும் என்றாள். கவுன்டரில் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரே ஒரு ஆள்தான் நின்றான். அர்ஜுன் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டான்.

பவானிக்கு அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாளே, அந்த உண்மையை யாரிடம் சொன்னாள்? சாயங்காலம் விமானம் ஏறிப் போகிறவரிடம், தன் தெருவுக்கு எட்டாத பாஷையில். அவளுக்கு எந்தச் சேதமும் இல்லாத இடமாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள்.

"நைனா," என்றாள். "நான் இஞ்சினீரு வேல பாக்கல. டைல்ஸ் கடையில பில்லு போடறேன். சைட்டு வேல எப்பவோ பூட்ச்சு. மேல அந்த சாராண்ட சொன்னதும் இத்தான்."

அப்பா விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார். ராமசெல்விக்குத்தான் முதலில் புரிந்தது. அவள் கத்தவில்லை. நேராக வரிசைக்குப் போய், மகள் கையிலிருந்த சான்றிதழ் பையை வாங்கித் தன் இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"நாங்க இன்னாமே பண்ணோம் உன்ன?" என்றாள்.

அர்ஜுன் வரிசையைவிட்டு விலகிச் சுவரோரம் போய் நின்றான், அக்காவைப் பார்க்கவில்லை. கவுன்டர்காரர் அடுத்தது என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு, பின்னால் நின்றவரிடம் கையை நீட்டினார்.

அப்பா அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். பவானி பக்கத்தில் போனாள். வீடு வீடாகப் போய் நானே சொல்லிவிடுகிறேன் என்றாள். அவர் வேண்டாம் என்பது போலக் கையை ஆட்டினார்.

காசிமேட்டுப் படகுக்காரர்களிடம் ஒரு கட்டுப்பாடு உண்டு. நடுக்கடலில் மீன் பட்டால் வயர்லெஸ் மைக்கில் சொல்லி நம் ஆட்களைக் கூப்பிடலாம், கூப்பிடாமலும் இருக்கலாம், அது அவரவர் மனசு. ஆனால் மீன் இல்லாத இடத்துக்கு நம் படகை வரவழைத்தால் அதற்கு மன்னிப்பே கிடையாது. அப்படிச் செய்தவன் அதற்கப்புறம் மைக்கில் எது சொன்னாலும் யாரும் பதில் தர மாட்டார்கள்.

"நீ இன்னாத்துக்கு கண்ணு சொல்லணும்," என்றார் அப்பா. "கூப்டது நானு. எம் பொண்ணு இஞ்சினீருன்னு ஒவ்வொரு போட்டுக்கும் மைக்ல சொல்லிகினு திரிஞ்சது நான்தான். தடக்காலம் முடிஞ்சு கடலுக்குப் போற அன்னிக்கு எல்லாரும் லைன்ல இருப்பான். அதே மைக்ல நான்தான் சொல்லணும், அங்க ஒண்ணும் இல்ல, யாரும் வராதீங்கன்னு."

இப்படிப் பேசாமல் அவர் நாலு அறை விட்டிருக்கக் கூடாதா என்று பவானிக்கு இருந்தது.

அவர் முழங்காலில் கை ஊன்றி எழுந்தார். வேட்டியைத் தட்டிச் சரிசெய்துகொண்டு, மகளைத் தாண்டி நடந்து, ராமசெல்விக்கு எதிரே போய் நின்றார். வரிசையில் இருந்தவர்களெல்லாம் பார்க்க இரண்டு கைகளையும் கூப்பினார்.

"தப்பா கூப்ட்டேன், செல்வி," என்றார்.

பவானி ஓடிப்போய் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கப் பார்த்தாள். அவர் இறக்கவில்லை.