தொண்ணூறு விநாடியும் நூற்று இருபது ஜோடி செருப்பும்

விமானம் என்று பேர்தான். சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், தம்போய் தொழிற்பேட்டையின் கடைசிக் கொட்டகையில், இறக்கையும் இல்லாமல் இன்ஜினும் இல்லாமல், இரும்புக் கால்களின்மேல் ஒன்றரை ஆள் உயரத்தில் அது நின்றுகொண்டிருந்தது. உள்ளே மட்டும் எல்லாம் அசல் அளவு: நடுவில் ஒரே நடைபாதை, இருபக்கமும் மும்மூன்று இருக்கையாக இருபது வரிசை, முன்னால் இரண்டு கதவு, பின்னால் இரண்டு கதவு. எங்கோ குளிர்நாட்டில் ஒரு கம்பெனி புதிதாக உருவாக்கிக்கொண்டிருந்த பயணிகள் ஜெட்டின் உட்புறத்தை முதலில் பலகையில் செய்து பார்க்கும் வேலை இந்தக் கொட்டகைக்கு வந்திருந்தது. அதில் பின்கதவுகளுக்கு நடுவே இருக்கும் இடம் யோகேஸ்வரியின் பொறுப்பு.

பொறுப்பு என்று சொன்னால் போதாது. அந்த இடத்தில் பதினான்கு அங்குலத்துக்காக அவள் இரண்டு வருஷம் சண்டை போட்டிருக்கிறாள். பழைய வரைபடத்தில் விமானத்தின் சமையல்கட்டுச் சுவர் கதவுகளை முட்டிக்கொண்டு நின்றது. ஆபத்து என்று வந்தால் ஜனங்கள் அங்கேதான் ஒருவர்மேல் ஒருவர் விழுவார்கள் என்று சொல்லி, இவள் சுவரைப் பின்னால் தள்ளினாள். தள்ளியதில் இரண்டு சாப்பாட்டு வண்டி நிற்கிற இடம் போயிற்று. விற்பனைப் பிரிவுக்காரர்களுக்குப் பொறுக்குமா? வாரத்துக்கு ஒரு மின்னஞ்சல், "அந்த இரண்டு வண்டி எங்கே?" என்று. இவள் ஏதோ அவற்றை வீட்டுக்கு ஓட்டிப்போய்த் தம்போய் சந்தையில் தே தாரேக் டீ விற்கிற மாதிரி.

கடைசியில் கம்பெனி ஒரு முடிவுக்கு வந்தது. நூற்று இருபது பேரை ஏற்று. பாதிக் கதவுகளை அடைத்துவிடு. தொண்ணூறு விநாடிக்குள் அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டால் உன் சுவர் இருக்கட்டும், இனி செய்கிற எல்லா விமானத்திலும். ஒரு விநாடி கூடினாலும் வண்டிகள் திரும்பி வரும். இதைப் பார்த்து முடிவு சொல்ல பீட்டர் என்ற நரைத்த தாடிக்காரர் விமானம் ஏறி வந்துவிட்டார்.

ஆட்களுக்கும் விதி உண்டு. நூற்றுக்கு நாற்பது பேராவது பெண்கள், முப்பத்தைந்து பேராவது ஐம்பது வயது தாண்டியவர்கள். கைக்குழந்தைக்குப் பதில் மூன்று பொம்மை. ஆள் பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்ட் அனுப்பிய பட்டியலில் அத்தனை பேரும் உடற்பயிற்சிக்கூடத்துப் பையன்கள். யோகேஸ்வரி தலையில் கைவைத்து உட்கார்ந்தபோதுதான் அவள் அப்பா வீரமுத்து வாயைத் திறந்தார்.

வீரமுத்து துறைமுக ஊரான பாசிர் கூடாங்கில் இருபத்தெட்டு வருஷம் தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஒரு போன் போட்டால் மூன்று பஸ் ஆள் சேரும். சேர்ந்தது. கோயில் பெண்கள், ஷிஃப்ட் முடிந்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள், கூடவே அவருடைய தங்கை வெள்ளையம்மா. யோகேஸ்வரி ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள்.

"அப்பா, ஆளுங்கள கூட்டிட்டு வாங்க. அதோட விட்டுடுங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம்."

"நான் என்னாம்மா செய்யப் போறேன்?" என்றார் வீரமுத்து. அவர் இப்படிச் சொன்னால் உஷாராக இருக்க வேண்டும் என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவளுக்கு அன்றைக்கு ஆயிரம் வேலை.

சனிக்கிழமை காலை பத்து மணி. யோகேஸ்வரி ஏழு மணியிலிருந்தே கொட்டகையின் பின்பக்கத்தில் பீட்டரோடு கேமராக்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். முன்பக்கப் படிக்கட்டில் ஜனங்களை ஏற்றுகிற வேலையை அப்பா பார்த்துக்கொண்டார். இவளுடைய இடத்தைத்தானே சோதிக்க வந்திருக்கிறார், பீட்டர் முன்கதவு இரண்டையும் அடைக்கச் சொன்னார். உள்ளே இருப்பவர்களுக்கு அது தெரியாது.

மணி அலறியது. விளக்கு அணைந்தது. பின்கதவுகள் திறந்தன, காற்றடைத்த சறுக்குகள் புஸ்ஸென்று விரிந்தன. யாரும் வரவில்லை.

பத்து விநாடி. பதினைந்து. வலது கதவில் ஒருத்தர் தலையை நீட்டினார், சறுக்கைப் பார்த்தார், எதையோ நினைத்துக்கொண்டவராகத் திரும்ப உள்ளே போய்விட்டார். உள்ளே ஒரே இரைச்சல். விமானப் பணிப்பெண் உடுப்பில் நின்ற பிள்ளைகள் "இந்தப் பக்கம் வாங்க! இந்தப் பக்கம்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள். அதையும் மீறி முன்பக்கத்திலிருந்து வெள்ளையம்மாவின் குரல் கேட்டது.

"ஐயோ அலமாக், கதவத் தொறங்கடா! எம் மவன் சிங்கப்பூர்ல வாங்கின சிலிப்பர் வெளிய கெடக்கு!"

கடைசி ஆள் வெளியே வந்தபோது இரண்டு நிமிஷம் நாற்பத்தொரு விநாடி ஆகியிருந்தது. வந்தவர்கள் நிற்கவும் இல்லை. சறுக்கி இறங்கிய வேகத்தில் விமானத்தைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனார்கள். யோகேஸ்வரியும் பின்னாலேயே ஓடினாள்.

முன்படிக்கட்டில் செருப்பு. படிக்கட்டுக்குக் கீழேயும் செருப்பு. நூற்று இருபது ஜோடி, வரிசையாக, ஒழுங்காக. நடுவில் நசுங்கிய எலுமிச்சம்பழம் நான்கு. கற்பூர வாசனை. எட்டிப் பார்த்தால், விமானி அறைக் கதவின்மேல் குங்குமம் வைத்த ஒரு சின்னப் பிள்ளையார் படம்.

யார் வேலை என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"புது வண்டிம்மா," என்றார் வீரமுத்து. "ஒரு எலுமிச்சம்பழம்கூட வைக்காம ஆள ஏத்துவாங்களா?"

"இதுக்கு டயரே இல்லப்பா!"

"அதான் படிக்கட்டுக்குக் கீழ வச்சேன்."

யோகேஸ்வரிக்குக் கண்ணில் நீர் முட்டியது. கோபம் அதைவிட வேகமாக வந்தது. "உங்கள யாரு செய்யச் சொன்னா? ரெண்டு வருஷம்பா! ரெண்டு வருஷத்த ஒரு எலுமிச்சம்பழத்தோட சேர்த்து நசுக்கிட்டீங்க!"

நூற்றுப் பத்தொன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வீரமுத்து வெளியே நடந்தார்.

பீட்டர் மெதுவாக வந்து நின்று, ஜனங்கள் ஏன் ஒரே கதவைத் தேடிப் போனார்கள் என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அவள் விளக்கினாள். அவர் செருப்புகளைப் பல கோணத்தில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு, சாப்பாட்டுக்குப் பின் ஒரே ஒரு தடவை, அதே நூற்று இருபது பேர், எந்தக் கதவு என்பது மறுபடியும் தன் இஷ்டம், அதோடு சரி என்றார்.

கோழிப் பிரியாணி முடிந்ததும் யோகேஸ்வரி எல்லாரையும் செருப்போடு ஏறச் சொன்னாள். ஒருத்தரும் அசையவில்லை.

"உள்ள பிள்ளையாரு இருக்காரு. செருப்புக் காலோட ஏறச் சொல்றியா?" என்றாள் வெள்ளையம்மா. அவள் இடுப்பில் கம்பெனி கொடுத்த பொம்மை. திருஷ்டி படாமல் இருக்க அதன் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டும் வைத்திருந்தாள்.

"சரி அத்தை, படத்தை எடுத்துடறேன்."

"நீ எப்படி எடுப்ப? வச்சவங்கதான் எடுக்கணும்."

கூட்டம் முழுக்க ஆமாம் போட்டது. அப்போதுதான் அவள் தலைகளை எண்ணினாள். நூற்றுப் பத்தொன்பது. சாமியை வைத்தவரும் இல்லை, ஐம்பது தாண்டியவர்கள் கணக்கிலும் ஒன்று குறைகிறது. இரண்டும் ஒரே ஆள்.

வீரமுத்து முதல் பஸ்ஸின் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். இன்ஜின் ஓடவில்லை, ஆனாலும் இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். வெறுங்கால். கொதிக்கிற தாரில் அப்படியே நடந்து வந்திருக்கிறார். அதைப் பார்த்ததும் யோகேஸ்வரிக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"சாப்பிட்டீங்களாப்பா?"

"பசியில்ல." ஸ்டீயரிங்கை ஒருமுறை துடைத்தார். "ஒரு வாரமா நீ சரியா தூங்கல, சாப்பிடல. எனக்கு பிளேனப் பத்தி என்னாம்மா தெரியும்? எனக்குத் தெரிஞ்சத செஞ்சேன்."

"தப்பா பேசிட்டேன்பா."

"எல்லார் முன்னாலயும் பேசின."

"ஆமாப்பா."

அவர் கண்ணாடியில் பின்னால் இருந்த காலி இருக்கைகளைப் பார்த்தார். "ஆளு ஒண்ணு கொறையுதுல்ல?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு பஸ்ஸு ஆளு. எண்ணாமலா ஏத்தினேன்?" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்.

அவர் உள்ளே போய்ப் பிள்ளையாரிடம் ஏதோ முணுமுணுத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, படத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானையும் மாட்டினார். பிறகு படிக்கட்டின் உச்சியில் நின்று, பழைய டிரைவர் குரலில் கூப்பாடு போட்டார்.

"சாமி எடத்த விட்டு எறங்கிட்டாரு! எல்லாரும் சிலிப்பர மாட்டுங்க! மணி அடிச்சா, எது தொறந்திருக்கோ அது வழியா எறங்குங்க. கையில ஒண்ணும் எடுக்காதீங்க. ஷிஃப்டுக்கு லேட்டு, பஞ்ச் கார்டு அடிக்கணும், வெளங்குதா?"

பாசிர் கூடாங் ஆட்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பீட்டர் இந்தத் தடவையும் முன்கதவுகளைத்தான் அடைத்தார். மணி அலறியது. விளக்கு அணைந்தது. பின்கதவுகள் திறந்த ஐந்தாவது விநாடியில் முதல் ஆள் சறுக்கில். பிறகு நிற்கவே இல்லை. அறுபது வயசுப் பெண்கள் பஞ்சாபி உடுப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு "முருகா!" என்று குதித்தார்கள். வெள்ளையம்மா பொம்மையின் தலையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள், இறங்கியதும் அதன் முதுகைத் தட்டிக் கொடுத்தாள். கீழே நின்ற யோகேஸ்வரி, கதவுக்குள் தெரிந்த தன் பதினான்கு அங்குலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் அங்கே வந்தது, இரண்டாகப் பிரிந்தது, போய்க்கொண்டே இருந்தது. சுவரில் ஒரு தோள்கூட இடிக்கவில்லை. அவள் வரைந்தது வரைந்தபடி நடந்தது.

நூற்றுப் பதினெட்டு. நூற்றுப் பத்தொன்பது. கடிகாரம் எண்பதைத் தொட்டது. கதவில் யாரும் இல்லை.

கடைசியாக ஏறிய அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்தது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "அப்பா!"

எண்பத்து மூன்று. வீரமுத்து கதவில் தெரிந்தார். ஒரு கையால் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு சறுக்கைக் குனிந்து பார்த்தார். வாழ்நாளெல்லாம் ஆட்களை இறக்கிவிட்ட மனுஷர், தான் இறங்குவதற்கு யோசித்தார்.

"குதிங்கப்பா! லேட்டு! பஞ்ச் கார்டு!"

குதித்தார். கால் தரையைத் தொட்டபோது பீட்டர் கடிகாரத்தை நிறுத்தினார். எண்பத்தேழு.

கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. யார் யாரைக் கட்டிப் பிடித்தார்கள் என்று கணக்கில்லை. பீட்டர் யோகேஸ்வரியின் கையைக் குலுக்கி, உன் சுவர் இருக்கும் என்றார். பிறகு தாளில் நூற்று இருபது என்று எழுதப் போனார். வீரமுத்து விரலை ஆட்டி மறுத்தார்.

"நூத்தி இருபத்தொண்ணு," என்று பையைத் தட்டிக் காட்டினார்.

அவள் மொழிபெயர்த்தாள். பீட்டர் நூற்று இருபது என்றே எழுதினார். ஆனால் அந்தப் பையைப் பார்த்து மரியாதையாக ஒருமுறை தலை தாழ்த்தினார்.

அப்போதுதான் யோகேஸ்வரி அப்பாவின் காலைப் பார்த்தாள். இன்னும் வெறுங்கால். சறுக்கில் உரசிக் கணுக்கால் சிவந்திருந்தது.

"உங்க சிலிப்பர் எங்கப்பா?"

"சாமிய நெஞ்சுல வச்சுக்கிட்டு எப்படிம்மா போடறது? அங்கதான் கெடக்கு. அத எடுக்கப் போயிருந்தா மணி என்னா ஆகும்?"

அவள் விமானத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். முன்படிக்கட்டில் ஒரே ஒரு ஜோடி மிச்சம் இருந்தது. வலது செருப்பில் மட்டும் குதிகால் பக்கம் நன்றாகத் தேய்ந்திருந்தது. அவள் அவற்றைக் கையில் எடுத்து வந்து, குனிந்து, அப்பாவின் காலருகே வைத்தாள். வீரமுத்து கூரையைப் பார்த்தார். பிறகு வலது காலை மெல்ல நீட்டினார்.

"அண்ணே! மொதல்ல சாமிய வெளிய எடு!" என்று கத்தினாள் வெள்ளையம்மா.

நீட்டிய கால் அந்தரத்தில் நின்றது. அவர் பொத்தானைக் கழற்றிப் படத்தை எடுத்து மகளிடம் நீட்டினார். கையை நீட்டப் போன யோகேஸ்வரி தன் காலைப் பார்த்தாள். முழங்கால்வரை கயிறு கட்டிய பாதுகாப்பு பூட்ஸ்.

அவள் தரையில் உட்கார்ந்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். ஒற்றைக் காலில் நின்ற அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பூட்ஸையும் கழற்றத் தொண்ணூறு விநாடிக்கு மேலேயே ஆகியிருக்கும். யாரும் மணி பார்க்கவில்லை.