ஹேங்கருக்குள் குழந்தை சேசு

சகாயமேரி வீட்டு வாசலில் இனிமேல் செருப்பைக் கழற்றுவதில்லை என்று நான் சபதம் போட்டேன். அதுதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

எங்கள் கோயில் பங்கில் தெருவுக்குத் தெரு கிறிஸ்துமஸ் குடில் போட்டி உண்டு. ஜெயிக்கிற தெருவுக்குக் கோயிலில் இருக்கும் பெரிய குழந்தை சேசு சுரூபத்தைக் கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்ததும் மேளத்தோடு கொண்டுபோவார்கள். ஜனவரியில் மூவரசர் திருநாள் வரைக்கும் அங்கேதான் இருக்கும். ஊரே போய்ப் பாதத்தை முத்தமிடும். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அது கடைத்தெருவுக்குத்தான் போகிறது. கடைத்தெருக் குடில் என்றால் சகாயமேரி வைத்ததுதான் சட்டம். குடில் இருப்பதும் அவள் வீட்டில்தான். வாசலிலேயே நின்றுகொண்டு, "செருப்ப அங்கியே கழட்டிட்டு வாங்க, உப்பு மண்ணு ஒட்டிக்கும்" என்பாள். நாங்கள் உப்பளத் தெரு என்பதைச் சொல்லிக் காட்டுகிறாளாம்! அப்புறம் ஒரு துண்டு கேக் கொடுப்பாள். துண்டா அது? வெட்டும்போது உதிர்ந்தது. ஒரே ஒரு வருஷமாவது குழந்தை சேசு எங்கள் தெருவில் படுத்துத் தூங்க வேண்டும். அது போதும் எனக்கு.

இந்த ஆசையை 2006-இல் என் வீட்டுக்காரரிடம் ஒப்படைத்தேன். புத்தி கெட்டவள் நான். செல்வநாதன் ஏர்ஃபோர்ஸில் விமானம் பழுது பார்த்தவர்; இப்போது மரக்காணத்தில் ஒரு பேங்க் வாசலில் துப்பாக்கியோடு நிற்கிறார்.

"மாட்டுக்கொட்டாய் வேணாம் அன்னம். நான் வேலை பார்த்த ஹேங்கரைக் கட்டப் போறேன்" என்றார்.

விமானத்தை நிறுத்துகிற கொட்டகைக்கு அதுதான் பெயர். எனக்குத் தலை சுற்றியது. "சேசு ஏரோப்ளேன் ஷெட்டுலயா பொறந்தாரு? ஃபாதர் நம்மள ஊரை விட்டே தொரத்துவாருங்க!"

"சத்திரத்துல எடமில்லன்னா கெடைச்ச எடத்துலதான பொறக்கணும்? எங்க ஹேங்கர்ல நாய் குட்டிகூட போட்டுச்சு."

"யாரை யாரோட சேத்துப் பேசுறீங்க! அந்த நாய் மட்டும் குடிலுக்குள்ள வந்துது, நடக்கறதே வேற!" என்று சிலுவை போட்டுக்கொண்டேன்.

சண்டைக் காலத்தில் கட்டிய ஹேங்கராம் அது. நிஜத்தில் இருப்பதில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டு ஆரம்பித்தார். மழை வந்து உப்பளத்தில் வேலை நின்றதும் தெருவிலுள்ள ஆம்பளைகள் எல்லாரும் எங்கள் வீட்டிலேயே விழுந்து கிடந்தார்கள். அளத்தில் உப்பு வாருகிற பிராங்க்ளின்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவன். என் எண்ணெய் டின்னை வெட்டி வளைந்த கூரை ஆக்கினார்கள். தகரத்தில் வரி வரியாக மடிப்பு வேண்டுமென்று என் சீப்பை வைத்து அழுத்தினார்கள். சீப்பில் ஒரு பல் மிச்சமில்லை. கூரைச் சட்டத்துக்கு என் துடைப்பக்குச்சி. தரையில் ஆயில் கறைக்கு என் டீத்தூள். என் மகள் பிரிசில்லாவின் நகப்பாலிஷ் விமானத்தின் இறக்கையில் சிவப்பு விளக்காகிவிட்டது. தலை வார வழியில்லை, டீ போட வழியில்லை.

"இது குடிலா, கொள்ளையா?" என்று கத்தினேன்.

"துரு போதுமா பாரேன்" என்றார். பளபளவென்றிருந்த தகரத்துக்கு உப்புத்தண்ணி தெளித்துக்கொண்டிருந்தார். இந்தக் கடலோரத்தில் பீரோவிலிருந்து சைக்கிள் வரை துருப்பிடிக்காமல் காப்பாற்ற நாங்கள் படுகிற பாடு கொஞ்சமா? இந்த மனுஷன் துருவை வரவழைக்கிறார்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நானும் ஒரு கை தெளித்தேன்.

குடிலை எங்கள் வாசல் பந்தலில் தரையோடு தரையாக வைத்தார். நின்று பார்த்தால் கூரை மட்டும்தான் தெரியும். உள்ளே பார்க்கக் குப்புறப் படுக்க வேண்டும். நடுவில் விமானம், இறக்கைக்கு அடியில் பசு, நீலச் சட்டையில் டூல் பாக்ஸோடு சூசையப்பர். மாதாவின் உடையில் கை வைக்க மட்டும் நான் விடவில்லை. தொட்டிலில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு குழந்தை.

தீர்ப்புச் சொல்ல வந்த ஃபாதர் வெள்ளை அங்கியோடு குப்புறப் படுத்துவிட்டார். பிறகு தகரத்துக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது.

"ஏம்பா, ஏணி மேல பெயின்ட் டப்பாவ மறந்து வெச்சுட்டுப் போனது யாரு?"

"நான்தான் ஃபாதர். ஏர்ஃபோர்ஸ்ல இருந்தப்பவே ஆபீசர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்" என்றார் இவர்.

ஜெயித்துவிட்டோம்! நான் பிராங்க்ளின் பெண்சாதியைப் பிடித்துக்கொண்டு தெருவில் சுற்றிய சுற்றில் என் செருப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

மறுநாள் காலைப் பூசை முடிந்து, மேளம் முழங்க, ஃபாதர் சுரூபத்தைக் கையில் ஏந்தி வந்தார். பந்தல் வரை வந்ததும் மேளம் நின்றது. ஃபாதர் குழந்தையைப் பார்த்தார், ஹேங்கரைப் பார்த்தார். ஆசீர்வாதத்துக்குத் தூக்கிய வலது கையோடு மல்லாந்து படுத்திருக்கிற அந்தக் குழந்தை எங்கள் விமானத்தை விடப் பெரிது.

வருஷா வருஷம் அந்தப் பாதத்தை முத்தமிட்டவர்கள்தான் நாங்கள் எல்லாரும். அளவு தெரியாதா? ஆணித் தலை வரைக்கும் அளந்தவர்களுக்கு இது தோன்றவில்லையே! ஜெயிப்போம் என்று எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் நம்பிக்கை இருந்ததில்லை, அதனால்தான்.

விமானத்தை வெளியே ஓடுபாதைக்குத் தள்ளினார்கள். சூசையப்பரையும் மாதாவையும் ஓரமாக்கினார்கள். குழந்தையை உள்ளே விட்டால், தூக்கிய கை வாசல் மேல்சட்டத்தில் இடித்தது.

"வெளிய வெச்சா பந்தல் ஒழுகி மழையில நனையும். உள்ள போகலன்னா ரெண்டாவதா வந்த குடிலுக்குத்தான் எடுத்துட்டுப் போகணும்" என்றார் ஃபாதர் சங்கடத்தோடு.

ரெண்டாவது யார்? கடைத்தெரு! "எங்க குடில்ல எடம் ரெடியா இருக்குது ஃபாதர்" என்று சகாயமேரி முன்னால் வந்துவிட்டாள்.

இவர் தகரம் வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு ஹேங்கர் முன்னால் உட்கார்ந்தார். என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, கூரையில் கத்தரியை வைத்தார். எனக்காகத்தான். அந்தக் கூரையில் எந்த மடிப்பு எந்த நாளில் விழுந்ததென்று எனக்கே மனப்பாடம்.

"கத்தரிய கீழ போடுங்க!" என்று ஊரே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "என் டின்னு அது, என் சீப்பு அது! எவனும் கை வைக்கக் கூடாது! கொழந்தைய எதுக்கு மல்லாத்தியே தள்ளுறீங்க? ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க!"

ஃபாதர் யோசித்தார். "ஆமா, கொழந்தைங்க அப்படித்தான தூங்கும்!" என்றார்.

அவ்வளவுதான், இவருக்கு ஏர்ஃபோர்ஸ் வந்துவிட்டது. துணி விரித்த பலகையில் குழந்தையை ஒருக்களித்துக் கிடத்தி, "பிராங்க்ளின், நீ லெஃப்ட் பாரு! தல உள்ள, கால் வெளிய! மெதுவா… வா… வா… வா…" என்று கையை ஆட்டினார். தெருவே சேர்ந்து "வா… வா…" என்றது. மேளக்காரனும் அதே தாளத்தில் தட்டினான். தூக்கிய கை இப்போது பக்கவாட்டில் நீண்டு, சட்டத்துக்கு அடியில் நழுவிப் போனது. பாதம் இரண்டும் வாசலில் வந்து நின்றன, முத்தமிடுவதற்கு வாகாக. "ஸ்டாப்!" என்றார் இவர். நான் அழுதேனா சிரித்தேனா, தெரியவில்லை.

சகாயமேரி முத்தமிட வருவதற்காகத்தான் காத்துக்கொண்டிருந்தேன். பந்தல் வாசலில் நின்று, "செருப்ப அங்கியே கழட்டிட்டு வாங்க!" என்றேன். ஆகா, என்ன ருசி!

"கழட்டிட்டேன்டி அம்மா" என்று குப்புறப் படுத்தாள். பாதத்தை முத்தமிட்டாள். எழுந்திருக்கவேயில்லை. அவள் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது.

"அடியே அன்னமேரி! மூலையில டிரம்முக்குப் பின்னால நாயி குட்டி போட்டிருக்குதுடி! மொத்தம் மூணு குட்டி, அரிசி அளவுல!"

"நாயா?"

திரும்பிப் பார்த்தேன். இவர் அவசர அவசரமாக வானத்தில் மழைமேகம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நகருங்க, நகருங்க, எந்தப் பக்கம்?" என்று பட்டுப்புடவையோடு சகாயமேரி பக்கத்தில் நானும் குப்புற விழுந்தேன்.