மூன்றாவது ஃபேடர்

“அக்கா, நீங்க பாட்டைக் கேக்கறீங்களா, பாக்கறீங்களா?”

ஸ்டுடியோ முதலாளி கமலக்கண்ணனின் மகள் மோகனப்ரியா ஆறு வயதில் இப்படிக் கேட்டாள். மௌஸும் கையுமாக, திரையில் ஓடும் கோடுகளில் மூக்கு முட்டக் குனிந்திருந்த ஸ்டுடியோவின் சவுண்ட் இன்ஜினியர் சத்யப்ரியா சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். ஆனால் அந்தக் கேள்வி அவளோடு பஸ் ஏறி வீடுவரை வந்துவிட்டது. ஒரு குரல் உயர்கிறதா தாழ்கிறதா என்பதைக்கூட அவள் காதிடம் கேட்பதில்லை; கோட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்தாள். குழந்தையின் வாயில் வந்து கேட்டது அம்மன்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

அடுத்த வருஷம் ஒரு கன்ட்ரோலர் வாங்கினாள். ஒலியை ஏற்றி இறக்க மேலும் கீழும் தள்ளும் எட்டு ஃபேடரும், திருப்பும் எட்டுக் குமிழும் உள்ள பலகை. அதற்குள் ஒலி எதுவும் ஓடாது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பிளகின்களை மௌஸுக்குப் பதில் விரலால் திருப்பவும் தள்ளவும் அது ஒரு கைப்பிடி, அவ்வளவுதான். அது வந்தபின் மிக்ஸ் செய்யும்போது அவள் திரையை அணைத்துவிடுவாள். ஃபேடர் ஒவ்வொன்றின் அடியிலும் குட்டி மோட்டார் உண்டு. ஒருமுறை ஏற்றி இறக்கியதை நினைவில் வைத்து, அடுத்தமுறை பாட்டு ஓடும்போது ஃபேடர் தானாகவே ஏறி இறங்கும். விரலால் அழுத்திப் பிடித்தால் மட்டும், இழுத்துக்கொண்டேதான் என்றாலும், விரல் சொன்னதைக் கேட்டு அதையே புதிதாக நினைவில் வைக்கும்.

“சாமி வந்த மாதிரி தானா ஆடுது பாரு,” என்று கமலக்கண்ணன் கேலி செய்வார். “ரெண்டு கிளிக்குல முடியற வேலைக்கு இத்தாம் பெரிய பலகையா? இதுல சப்பாத்தி தேய்ச்சாலாவது புண்ணியம்.”

இந்த வருஷம் சிப்காட்டுக்குப் பின்னால் இருக்கும் தொழிலாளர் குடியிருப்பின் மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு பாட்டு. செலவை ஏற்றுக்கொண்டவர் கியர் பாகங்கள் செய்யும் கம்பெனி வைத்திருக்கும் திருமலை. பாடியவள் பேச்சியம்மாள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தவள். போன வருஷம் மகன் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோது, “பிள்ளையக் குடு தாயீ, உன் கொடைக்கு என் வாயாலயே பாடுதேன்,” என்று நேர்ந்துகொண்டாள். பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். நைட் ஷிஃப்ட் முடிந்த கையோடு வந்து அவள் பாடினாள். சரணத்தில் தாயே என்று கூப்பிடும் இடத்தில் குரல் கம்மி, சற்றே உடைந்து, மறுபடி எழுந்தது.

சத்யப்ரியாவும் ஒரு காலத்தில் ஃபாக்டரியில் அவளோடு அதே லைனில் நின்று வேலை பார்த்தவள்தான். சவுண்ட் படிப்பின் பரீட்சை நாளன்று லீவு கிடைக்காமல் கேட்டருகே அழுதுகொண்டிருந்தாள். இரவு முழுக்க நின்று களைத்து வெளியே வந்த பேச்சியம்மாள், “அழாதட்டி. போயி பரீச்சைய எழுது. உன் எடத்துல நான் நிக்கேன்,” என்று சொல்லித் திரும்பவும் உள்ளே போனாள். அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் அதைச் சொல்லிக்காட்டியதில்லை. மறந்தே போயிருப்பாள்.

பாட்டை முடித்துக் கொடுக்க வேண்டிய நாள். காலையில் வந்து, திரையை எழுப்பாமல் பாட்டை ஓட விட்டாள் சத்யப்ரியா. சரணம் வந்தது. பேச்சியம்மாளின் குரலுக்குரிய மூன்றாவது ஃபேடர் அவள் விரலுக்கடியில் கீழே இழுத்தது. விரலை எடுத்தாள். சரசரவென்று இறங்கிப் பாதியில் நின்றது, பாட்டு முடியும்வரை ஏறவே இல்லை. சுருதியைத் திருத்தும் பிளகினுக்கான குமிழைச் சுற்றி விளக்குகள் முழு வட்டமும் எரிந்தன. குரல் கண்ணாடிபோல வழுவழுவென்று வந்தது. அதில் பேச்சியம்மாள் இல்லை.

“அண்ணா, இதுல யார் கை வெச்சது?”

கமலக்கண்ணனின் முகம் மாறியது. திரையில் மௌஸால் கோடு போட்டவர், இவள்தான் திரையைப் பார்ப்பதில்லையே என்று நிம்மதியாக இருந்துவிட்டார். அந்தக் கோட்டின்படி ஃபேடரும் நகரும் என்பதை அடியோடு மறந்துவிட்டார்.

“திருமலை சார் சொன்னாரும்மா. குரல் கரகரன்னு இருக்குதாம். அவரு சொன்னா செய்ய வேண்டியதுதான?”

“அது நேர்ந்துக்கிட்ட குரல்ண்ணா. அதை மாத்தி வெளிய விட்டா அந்த அக்கா வேண்டுதல் என்னாகறது? நான் மாட்டேன்.”

“நீ மாட்டேன்னா மௌஸ் இருக்குது.”

“அப்ப அந்த மௌஸையே சம்பளத்துக்கு வெச்சுக்குங்க.”

திருமலை வந்தபோது இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஏம்மா, என் கம்பெனில ஒரு பீஸ் அளவுல டாலரன்ஸ் தாண்டினா நேரா ரிஜெக்ட் டப்பாவுக்குப் போவும். பாட்டுக்கு மட்டும் தனிச் சட்டமா?”

“பீஸை நீங்க கஸ்டமருக்கு அனுப்பறீங்க சார். இது அம்மனுக்குப் போறது. கேஜ் வெச்சு அளந்து பாத்தா அவ வாங்கறா?”

“வாயி ஜாஸ்தி உனக்கு.”

“இருக்கட்டும் சார்.” அவர் கண்ணெதிரிலேயே குமிழைத் திருப்பினாள். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. “இப்ப இது அந்த அக்காவோட சொந்தக் குரல். மூணாவது ஃபேடர்மேல விரல் வைங்க. இழுக்கும். நேத்து அண்ணன் போட்ட கோடு அது. விரலை எடுத்தீங்கன்னா குரல் தானா அமுங்கிடும். உங்க கையாலயே செய்ங்க. என் கை செய்யாது.”

கமலக்கண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

திருமலை ஏளனமாகச் சிரித்தபடி விரலை வைத்தார். பாட்டு ஓடியது. தாயே என்ற இடத்தில் குரல் உடைந்தது. அதே கணத்தில் ஃபேடர் கீழே இழுத்தது. அவர் விரல் எழும்பப் போனது, எழும்பவில்லை. மோட்டார் உறுமியது. அவரும் விடவில்லை. அந்த வரி முடிந்த பிறகுதான் கையை எடுத்தார்.

“ஆயித்து, பிடம்மா,” என்றார்; ஆச்சு, விடும்மா என்று அர்த்தம். பேச்சை முடிக்க வேண்டுமென்றால் அவர் கன்னடத்துக்குத் தாவிவிடுவார். எழுந்தவர் வாசலில் நின்று, “அமுக்கிட்டா பின்னாடி இருக்கிறவனுக்குக் கேக்காது. அதான் சொல்றேன். வேற ஒண்ணும் இல்லை,” என்று விறைப்பாகச் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

 விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கமலக்கண்ணன் சாவியை மேசைமேல் வைத்து, “பூட்டிட்டுப் போ,” என்று மட்டும் சொல்லிப் போனார். அவள் பக்கத்தில் ஒரு டீயும் இருந்தது. எப்போது வைத்தாரோ.

திருமலை பிடித்து நிறுத்தியது அந்த ஒரு வரியை மட்டும்தான். மற்ற இடங்களில் பழைய கோடு அப்படியே இருந்தது. ஒரே கிளிக்கில் அதை அழித்துவிடலாம். சத்யப்ரியா திரையை எழுப்பவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள். விரலை மூன்றாவது ஃபேடரின்மேல் வைத்தாள்.

பாட்டு தொடங்கியது. மோட்டார் இழுக்க இழுக்க, பேச்சியம்மாளின் குரல் போகும் வழியெல்லாம் விரலும் கூடவே போனது. சரணத்தில் மணிக்கட்டு கடுத்தது. உட்காரவில்லை. அன்றைக்குத் தனக்காக அந்த மனுஷி ஒரு பகல் முழுக்க நின்றாள்.

கடைசி உடுக்கைச் சத்தம் அடங்கும்வரை சத்யப்ரியா நின்றாள். பிறகு பாட்டை முதலிலிருந்து ஓட விட்டு, கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். மூன்றாவது ஃபேடர் தானாகவே ஏறி, தாயே என்ற இடத்தில் இறங்காமல் நின்றது.

ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டுக் கதவைப் பூட்டினாள்.